பாற்பல்லும் குருத்தணுவும்

வீட்டில் ஒரு குழந்தைக்கு முதற்பல் ஆடத் தொடங்கிவிட்டால், அங்கே ஒரு சிறு திருவிழாவே தொடங்கிவிடுகிறது. நாவால் பல்லை அசைத்துப் பார்ப்பதும், விரலால் தொட்டுப் பார்ப்பதும், "இன்று விழுமா, நாளை விழுமா?" என்று தாயைக் கேட்பதுமாகக் குழந்தைக்கு வேறு வேலையே ஓடுவதில்லை. விழுந்த பல்லைச் சாண உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிவது நம் பாட்டிமார் கற்றுத் தந்த வழக்கம். ஊரில் ஓலைக் கூரையில் ஓசையின்றி விழுந்த அந்தப் பல், கடல் கடந்து நாம் அந்தமானுக்கு வந்த பின்னர்த் தகரக் கூரையில் ஓசையோடு விழுகிறது. வேறுபாடு அவ்வளவே.

சென்ற மாதம் எங்கள் தெருவில் வாழும் இளந்தம்பதியர் ஒரு மாலைப் பொழுதில் என் வீட்டுக்கு வந்தனர். கணவர் துறைமுகத்தில் பணிபுரிபவர், தூத்துக்குடிப் பக்கத்தவர். அவர்களுடைய ஆறு வயது மகளுக்குக் கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. சென்னையிலுள்ள உறவினர் ஒருவர் அதைக் கேள்வியுற்று, கைப்பேசி வழியே ஒரு விளம்பரத்தை அவர்களுக்கு அனுப்பியிருந்தார். குழந்தையின் பாற்பல்லை எறிய வேண்டா. அதனுள் ஸ்டெம் செல் என்னும் புதையல் இருக்கிறது. எங்களிடம் தந்தால் உறைய வைத்துக் காப்போம். பிற்காலத்தில் நீரிழிவோ, பக்கவாதமோ, இரத்தப் புற்றுநோயோ எது வந்தாலும் அப்பல்லே மருந்தாகும் என்பது அவ்விளம்பரத்தின் சாரம். கடைசியில், சிறிய எழுத்தில், கட்டணம் குறிக்கப்பட்டிருந்தது. ஊரில் தந்தையின் அறுபதாம் ஆண்டு மணவிழாவுக்குக் குடும்பத்தோடு கப்பலேறிச் சென்று வர அவர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த பணம் முழுவதையும் விழுங்கிவிடக் கூடிய தொகை அது.

"அண்ணாச்சி, பணம் போனால் போகிறது. ஆனால் இன்று இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, நாளைக்குப் பிள்ளைக்கு ஏதாவது வந்துவிட்டால் அந்தப் பழியை நாங்கள் எங்கே போய்க் கழுவுவோம்?" என்று அந்தத் தாய் கேட்டார்.

அந்த வினாவுக்கு அன்று என்னால் உடனே விடை சொல்ல இயலவில்லை. பல் மருத்துவர் ஒருவரைக் கண்டு பேசினேன். இத்துறையில் வெளிவந்துள்ள ஆராய்ச்சி முடிவுகளையும் அரசின் நெறிமுறைகளையும் தேடிப் படித்தேன். அந்தத் தாய்க்குச் சொன்ன விடையையே இங்கு எழுதுகிறேன். கடலுக்கு இப்பால் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கும் இவ்வினா நாளை எழக்கூடும் அன்றோ?

குருத்தணு என்பது யாது?

ஸ்டெம் செல் என்பதைத் தமிழில் குருத்தணு என்கின்றனர். மிகப் பொருத்தமான பெயர். வாழையை எண்ணிப் பாருங்கள். முதிர்ந்த இலை இலையாகவே இருந்து காய்ந்துவிடும். அது மற்றோர் இலையை ஈனுவதில்லை. புதிய இலை புறப்படும் இடம் நடுவிலுள்ள குருத்தே. தென்னையும் அத்தகையதே. குருத்தை வண்டு துளைத்துவிட்டால் மரத்தின் கதி என்ன ஆகும் என்பதைத் தென்னையோடு வாழும் தீவு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

நம் உடலும் இவ்வாறே அமைந்துள்ளது. தோலணு தோலாகவும், தசையணு தசையாகவும், நரம்பணு நரம்பாகவும் முதிர்ந்து தத்தம் தொழிலைச் செய்கின்றன. முதிர்ந்த அணு வேறொன்றாக மாறுவதில்லை. ஆனால் உடலின் சில இடங்களில் இன்னும் முதிராத அணுக்கள் சிறு தொகையாகத் தங்கியிருக்கின்றன. அவை தம்மைப் போன்ற அணுக்களைப் பெருக்கவும் வல்லன. தேவை நேரும்போது முதிர்ந்து வேறுவகை அணுக்களாக மாறவும் வல்லன. அவையே குருத்தணுக்கள். நாள்தோறும் அழியும் இரத்த அணுக்களுக்கு ஈடாகப் புதியவை பிறப்பதும், அறுபட்ட தோல் ஆறுவதும், முறிந்த எலும்பு கூடுவதும் இவற்றின் துணையாலேயே.

இரத்தத்தை ஈனும் குருத்தணுக்கள் எலும்பு மச்சையில் உள்ளன என்பதைக் கனடா நாட்டு டொரண்டோ நகரில் ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்னும் இரு அறிஞர்கள் 1961-ஆம் ஆண்டில் எலிகளைக் கொண்டு செய்த சோதனையால் மெய்ப்பித்தனர். அதன் பின்னர் உடலின் வேறு பல பகுதிகளிலும் குருத்தணுக்கள் கண்டறியப்பட்டன.

இங்கு ஒன்றை நெஞ்சில் பதித்துக் கொள்ள வேண்டும். குருத்தணுக்கள் எல்லாம் ஒரே இனத்தவை அல்ல. இரத்தத்தை ஈனுபவை ஓர் இனம். எலும்பையும் கொழுப்பையும் ஈனுபவை மற்றோர் இனம். கண்ணின் கருவிழிமேல் தோலை ஈனுபவை வேறோர் இனம். வாழைக் குருத்திலிருந்து தென்னங்கீற்று வருவதில்லை.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

பல் என்பது கல்லைப் போன்ற உயிரற்ற பொருள் என்று பலரும் எண்ணுகின்றனர். அது தவறு. வெளியே தெரியும் வெண்மையான எனாமல் உடலிலேயே மிகக் கடினமான பொருள். அதனுள் மங்கிய மஞ்சள் நிறத்தில் டென்டின் என்னும் அடுக்கு உள்ளது. அதற்கும் உள்ளே, பல்லின் நடுவிலுள்ள சிறு அறையில், மென்மையான செந்நிறக் கூழ் இருக்கிறது. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் வேரின் நுனி வழியாகப் புகுந்து இக்கூழை அடைகின்றன. குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசுவதும், சொத்தை ஆழமானால் இரவெல்லாம் வலிப்பதும் இப்பற்கூழ் உயிருள்ளது என்பதற்குச் சான்றுகள்.

இக்கூழில் குருத்தணுக்கள் உள்ளன என்பதை ஸ்டான் கிரான்தோஸ், சாங்டாவ் ஷி முதலியோர் அமெரிக்க நாட்டுத் தேசிய உடல்நல நிறுவனத்தில் ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக் கொண்டது பெரியவர்களின் பிடுங்கப்பட்ட ஞானப்பற்கள். பாற்பல்லின் செய்தி அதற்குச் சில ஆண்டுகள் கழித்து வந்தது. அது வந்த வழி நம் வீட்டுக் கதை போன்றதே. ஆராய்ச்சியாளர் ஷியின் மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளுக்குப் பாற்பல் ஒன்று விழுந்தது. அதைக் கையில் வாங்கிப் பார்த்த தந்தை, பல்லின் உட்புறத்தில் செந்நிறத் திசு சிறிது ஒட்டியிருப்பதைக் கண்டார். மற்றத் தந்தையர் தலையணைக்கு அடியிலோ கூரையின் மேலோ சேர்த்திருப்பர். அவர் ஆய்வுக் கூடத்துக்கு எடுத்துச் சென்றார்.

பாற்பல் விழுவதற்கு முன் அதன் வேரை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. எஞ்சியிருக்கும் மேற்பகுதியில் கூழின் மிச்சம் ஒட்டிக் கொண்டிருக்கும். அந்த மிச்சத்திலும் குருத்தணுக்கள் உள்ளன என்று மசாகோ மியூராவும் ஷியும் பிறரும் 2003-ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஒரு முன்பல்லிலிருந்து கிடைத்த குருத்தணுக்கள் 12 முதல் 20 வரையே. ஆயினும் ஆய்வுக் கூடத்தில் அவை மிக விரைவாகப் பெருகின. எலியின் உடலில் வைத்தபோது டென்டின் போன்ற பொருளை உண்டாக்கின. எலும்பு உண்டாவதைத் தூண்டின. தக்க சூழலில் நரம்பணுவின் சில தன்மைகளையும் காட்டின.

பின்னர், பல்லின் வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் நாரிலும் குருத்தணுக்கள் இருப்பது 2004-இலும், வளர்ந்து வரும் வேரின் நுனியில் இருப்பது 2006-இலும் கண்டறியப்பட்டன. ஆகவே, பல்லில் குருத்தணு உண்டு என்று விளம்பரம் சொன்னது பொய்யன்று. உண்மையின் மீது எத்தனை அடுக்கு மாளிகையை அது கட்டியது என்பதே நாம் பார்க்க வேண்டுவது.

மனிதருக்கு இதுவரை விளைந்த பயன்

ஆய்வுக் கூடத்துத் தட்டில் வெற்றி பெறுவது ஒன்று. எலியிடம் வெற்றி பெறுவது மற்றொன்று. நோயுற்ற மனிதரிடம் வெற்றி பெறுவது முற்றிலும் வேறு. இந்த மூன்று படிகளையும் ஒன்றாக்கிக் காட்டுவதே விளம்பரக்காரரின் வித்தை. நாம் படிப்படியாகப் பார்ப்போம்.

ஜப்பான் நாட்டு நகோயாவில் ஆராய்ந்தவர்கள், தண்டுவடம் அறுக்கப்பட்ட எலிகளுக்கு மனிதப் பற்கூழின் குருத்தணுக்களைச் செலுத்தியதில் அவற்றின் பின்கால்கள் ஓரளவு இயங்கத் தொடங்கின என்று 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வியப்பூட்டும் செய்திதான். ஆனால் இது எலியின் படி.

மனிதரின் படிக்கு வருவோம். இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகர ஆராய்ச்சியாளர்கள், ஞானப்பல் பிடுங்கப்பட்டதால் குறைந்துபோன தாடை எலும்பை, அதே மனிதரின் மற்றொரு ஞானப்பல்லிலிருந்து எடுத்த குருத்தணுக்களைக் கொண்டு வளர்த்ததை 2009-இல் அறிவித்தனர். ஜப்பானில் கூழ் கெட்டுப்போன பல்லை உடைய 5 பேருக்கு, அவர்களுடைய வேறொரு பல்லின் குருத்தணுக்களைப் பல்லுக்குள் வைத்துப் புதிய கூழை வளர்க்க முயன்றனர். 4 பேருக்குப் பல்லில் உணர்ச்சி திரும்பியது. அம்முடிவுகள் 2017-இல் வெளிவந்தன.

பாற்பல்லைப் பற்றிய மிக முக்கியமான மருத்துவச் சோதனை சீன நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2018-இல் வெளியிட்டது. அடிபட்டு, முளைத்த நிலைப்பல்லின் கூழ் இறந்துபோன 40 பேரைச் சேர்த்தனர். 30 பேருக்கு அவரவர் பாற்பல்லிலிருந்து வளர்த்த குருத்தணுக்களை அடிபட்ட பல்லுக்குள் வைத்தனர். 10 பேருக்குப் பழைய முறைப்படியே சிகிச்சை செய்தனர். முதற்குழுவில் இறுதிவரை தொடர்ந்த 26 பேருக்கு, 12 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, பல்லுக்குள் இரத்தக் குழாயும் உணர்ச்சி நரம்பும் கொண்ட கூழ் மீண்டும் வளர்ந்திருந்தது.

இம்மூன்றிலும் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். பல்லின் குருத்தணு பல்லுக்கும் பல்லைத் தாங்கும் எலும்புக்குமே பயன்பட்டது என்பது முதலாவது. சிகிச்சைக்கெனவே எடுக்கப்பட்ட பல்லே பயன்பட்டது. இருபது ஆண்டுகள் உறைபெட்டியில் துயின்ற பல்லன்று என்பது இரண்டாவது. நீரிழிவையோ, பக்கவாதத்தையோ பாற்பல் குணப்படுத்தும் என்று நிலைநாட்டப்பட்டு மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வந்த முறை ஒன்றேனும் இல்லை.

பல் இரத்தத்தைத் தருமா?

அந்தத் தாயின் உள்ளத்தை மிகவும் கலக்கியது இரத்தப் புற்றுநோய் என்னும் சொல். ஆகவே இதைச் சற்று விளக்கமாகக் கூற வேண்டும்.

குருத்தணுவால் இரத்த நோய்களைக் குணப்படுத்துவது உண்மை. ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சையை வகுத்த டொனால் தாமஸ் என்னும் மருத்துவருக்கு 1990-இல் நோபெல் பரிசு கிடைத்தது. நம் தமிழகத்தில் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அச்சிகிச்சை 1986-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. தலசீமியா உள்ள குழந்தைகளும், இரத்தப் புற்றுநோய் உற்றவர்களும் அங்கு நலம் பெற்று மீண்டிருக்கின்றனர்.

ஆனால் அங்கே பயன்படுவது மச்சையிலோ இரத்தத்திலோ தொப்புள்கொடி இரத்தத்திலோ உள்ள, இரத்தத்தை ஈனும் இனத்துக் குருத்தணு. பல்லில் இருப்பது அவ்வினம் அன்று. பற்கூழின் குருத்தணு இரத்தத்தை உண்டாக்கித் தருவதில்லை. முன்னே சொன்ன வாழையையும் தென்னையையும் மீண்டும் நினைவுகூர்க.

இன்னும் ஒன்று. தலசீமியா போன்ற பரம்பரை நோயில், குழந்தையின் சொந்தக் குருத்தணுவிலும் அதே குறை இருக்கும். ஆகவே பெரும்பாலும் வேறொருவரின் குருத்தணுவே தேவைப்படுகிறது. உடன்பிறந்த ஒருவரின் திசுவகை முற்றும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. வீட்டில் பொருந்துபவர் இல்லையெனில், முன்பின் அறியாத ஒருவர் முன்வர வேண்டும். அத்தகைய கொடையாளர்களின் பதிவேட்டைச் சென்னையில் 2009-இல் தொடங்கப்பட்ட தாத்ரி என்னும் அமைப்பு நடத்தி வருகிறது. ஒத்த மரபுடைய மக்களிடையே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால், தமிழ்க் குழந்தை ஒன்றுக்குப் பெரும்பாலும் உதவக்கூடியவர் மற்றொரு தமிழரே.

சொந்தக் குருத்தணுவே பயன்படும் புதிய வழியும் வேலூரிலேயே திறந்திருக்கிறது. இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோய் கடுமையாக இருந்த 5 பேரின் இரத்தக் குருத்தணுக்களை எடுத்து, அவற்றில் குறையாக இருந்த மரபணுவுக்கு மாற்றைப் புகுத்தி, அவர்களுக்கே திருப்பிச் செலுத்தினர். அவர்களுக்கு அடிக்கடி நேர்ந்து வந்த இரத்தக் கசிவு நின்றது. 2024-இல் வெளியான இச்செய்தி உலக மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. இங்கும் பாருங்கள்: அந்த ஐவரும் குழந்தைப் பருவத்தில் எதையும் சேமித்து வைத்தவர்கள் அல்லர். வேண்டிய போது அவர்கள் உடலிலிருந்தே குருத்தணு கிடைத்தது. உடலே பெரிய களஞ்சியம்.

அரசின் நெறிமுறை என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2017-ஆம் ஆண்டில் குருத்தணு ஆராய்ச்சிக்கான தேசிய நெறிமுறைகளை வெளியிட்டன. அவற்றின்படி நம் நாட்டில் வாணிக முறையில் சேமிக்க இசைவு பெற்றது தொப்புள்கொடி இரத்தம் ஒன்றே. பற்கூழ், கொழுப்புத் திசு, நஞ்சுக்கொடி முதலிய பிறவற்றை வாணிக முறையில் சேமித்தல் மறு அறிவிப்பு வரும்வரை ஏற்கப்படவில்லை. தொப்புள்கொடி இரத்தத்தையுங்கூட, பிற்காலத்தில் அதே குழந்தைக்கே பயன்படும் என்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அந்நெறிமுறைகள் கூறுகின்றன.

சில இரத்த நோய்களுக்கு அளிக்கும் குருத்தணுச் சிகிச்சை நீங்கலாக, பெரும்பான்மையான குருத்தணுச் சிகிச்சைகள் இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே உள்ளன; அவற்றை முறைப்படி இசைவு பெற்ற மருத்துவச் சோதனையாகவே செய்ய வேண்டும்; சோதனைக்கு உட்படுபவரிடம் அதற்குக் கட்டணம் பெறலாகாது. இது நாம் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டிய உரைகல். குருத்தணு மருத்துவம் என்று ஒருவர் வந்தால், "இது நிலைநாட்டப்பட்ட சிகிச்சையா, சோதனையா?" என்று கேளுங்கள். சோதனை என்றால், "இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் இதன் எண் என்ன? பிறகு பணம் ஏன்?" என்று கேளுங்கள். நேர்மையானவர் விடை சொல்வார். ஏனையோர் பேச்சை மாற்றுவர்.

நம் தீவின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பல்லின் கூழ் உயிரோடிருந்தால்தான் அதிலுள்ள குருத்தணு பயன்படும். பலநாள் ஆடித் தொங்கிய பல்லில் இரத்த ஓட்டம் அற்றுப்போயிருக்கலாம். சொத்தைப் பல்லில் கூழ் கெட்டிருக்கலாம். போர்ட் பிளேர் என்று நம் நாவில் பழகியதும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றதுமான நம் நகருக்கும் சென்னைக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல். கப்பலில் மூன்று நாளளவு ஆகும். அதன் பின்னர் திரவ நைட்ரஜனில், சுழியத்துக்குக் கீழே 196 பாகைக் குளிரில், ஆண்டுக்கணக்கில் இடையறாது காக்க வேண்டும். இத்தனையும் பிழையின்றி நடந்தாலும், அதைக் கொண்டு செய்யத்தக்க சிகிச்சை இன்று வழக்கில் இல்லை.

வாயே வங்கி

அப்படியானால் பல்லின் குருத்தணுவால் நமக்கு இன்று பயனே இல்லையா? உண்டு. அதுவும் கட்டணமின்றி, நம் குழந்தைகளின் வாயிலேயே உண்டு.

சொத்தை சிறிதாக இருக்கும்போது அடைத்துவிட்டால், உயிருள்ள கூழ் உட்புறத்தில் புதிய டென்டின் பூசித் தன்னைத் தானே காத்துக் கொள்கிறது. கூழ் இறந்துபோன இளம் பல்லிலும் ஒரு வழி உண்டு. 2001-இல் ஜப்பானிலும், 2004-இல் அமெரிக்காவிலும் பல் மருத்துவர்கள் வெளியிட்ட முறை இது: வேர் முற்றாத பல்லின் உட்புறத்தைத் தூய்மை செய்தபின், வேர் நுனிக்கு அப்பாலுள்ள திசுவிலிருந்து சிறிது இரத்தம் பல்லுக்குள் வருமாறு செய்வர். அந்த இரத்தத்தோடு குருத்தணுக்களும் பல்லுக்குள் வருகின்றன என்பது 2011-இல் டெக்சஸ் மாநில ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. இம்முறையால் பல வேளைகளில் வேர் மேலும் நீண்டு தடிக்கிறது. உறைபெட்டி வேண்டா, உறுப்பினர் கட்டணம் வேண்டா, காலத்தோடு பல் மருத்துவரிடம் சென்றாலே போதும்.

அடிபட்டு நிலைப்பல் வேரோடு கழன்று விழுந்தால் செய்ய வேண்டுவதை ஒவ்வொரு தாயும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டும். வேரின் மேல் ஒட்டியிருக்கும் நாரில் குருத்தணுக்கள் உள்ளன என்றேன் அல்லவா? அந்த நார் உலர்ந்துவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறந்துவிடும். ஆகவே பல்லின் மேற்பகுதியைப் பிடித்து எடுங்கள். வேரைத் தொடாதீர்கள், தேய்க்காதீர்கள். மண் பட்டிருந்தால் சில நொடிகள் மட்டும் நீரில் அலசி, குழந்தை தெளிவாக இருந்தால் அதே குழியில் பொருத்தி, சுத்தமான துணியை மெல்லக் கடிக்கச் சொல்லுங்கள். அது இயலாவிடில் குளிர்ந்த பாலில் பல்லை இட்டு உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். வெறும் நீரில் போட்டு வைத்தல் ஆகாது. இளநீரைப் பற்றியும் ஆராய்ந்திருக்கின்றனர். முடிவுகள் ஒருமித்து அமையவில்லை. எனவே பாலே சிறந்தது. கச்சால், கமோர்ட்டா, லிட்டில் அந்தமான் முதலிய தொலைத் தீவுகளில் வாழ்வோர், மருத்துவர் எட்டாத் தொலைவில் இருப்பதால், குழியில் உடனே திரும்பப் பொருத்துவதையே முதலில் முயல வேண்டும். ஆனால் விழுந்தது பாற்பல் என்றால் திரும்பப் பொருத்தவே கூடாது. கீழே வளரும் நிலைப்பல்லுக்கு அது ஊறு செய்யும்.

"பாற்பல்தானே, எப்படியும் விழப்போகிறது" என்று சொத்தையை விட்டுவிடுவது நம்மிடையே உள்ள பெருந்தவறு. பாற்பல் இருபதும் பின்வரும் நிலைப்பற்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும் காவலர்கள். இரவில் பால்புட்டியை வாயில் வைத்துக் கொண்டே குழந்தையை உறங்க விடாதீர்கள். இருவேளை பல் துலக்கப் பழக்குங்கள். ஃபுளோரைடு கலந்த பற்பசையை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அரிசியளவும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்குப் பட்டாணியளவும் இடுங்கள். உறங்கப் போகுமுன் துலக்கிய பிறகு இனிப்புத் தராதீர்கள்.

இத்தனையும் கேட்ட பிறகு அந்தத் தாய் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்படியென்றால் நாங்கள் பிள்ளைக்கு எதையும் செய்யாமல் விட்டுவிடவில்லையே, அண்ணாச்சி?" என்றார்.

"இல்லையம்மா. பல்லைக் காத்தாலே நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தவர்கள் ஆவீர்கள். நாளைக்கு இந்த ஆராய்ச்சி கனிந்து மருந்தாக வந்தாலும், உங்கள் மகளின் வாயில் வேறு பாற்பற்களும், பின்னர் ஞானப்பற்களும் இருக்கும். கதவு எதுவும் மூடிவிடவில்லை" என்றேன்.

மனிதப் பல்லிலிருந்து மருந்து காணும் முயற்சியை இகழ்வது என் நோக்கமன்று. மகளின் பல்லைக் கையில் ஏந்திப் பார்த்த அந்தத் தந்தையின் கண் கூர்மையானது. அவர் வழியில் உழைப்போரின் உழைப்பு நாளை பெரும்பயன் தரக்கூடும். ஆனால் நாளைய விளைச்சலை இன்றே விலை பேசி விற்பவரிடம் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். பிள்ளைமேல் வைத்த அன்பை அச்சமாக மாற்றி, அவ்வச்சத்தைக் காசாக மாற்றுவோர் எக்காலத்திலும் உளர். கடல் கடந்து வந்து உழைத்துச் சேர்க்கும் நம் பணம் அத்தனை எளிதாகக் கரையலாகாது.

அந்தக் குடும்பம் இப்போது ஊருக்குச் சென்றிருக்கிறது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் அச்சிறுமியின் பல் விழுந்தது. சாணத்துக்கு எங்கே போவது என்று தேடிக் கடைசியில் ஈர மண்ணில் உருட்டி எறிந்தார்களாம். கூரையில் பட்ட ஓசை எங்கள் வீடுவரை கேட்டது.